பூங்கா யந்திரங்களும் தண்ணீர்க் கேனும்

நீங்கள் தாம்பரத்திலோ, சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்திலோ வசிப்பவரானால், பூங்காக்களில் நிறுத்தியிருக்கும் வண்ண வண்ண இரும்புச் சாதனங்களைப் பார்த்திருப்பீர்கள். 'திறந்தவெளி ஜிம்' என்பார்கள். கட்டணம் கிடையாது, கண்ணாடிச் சுவர் இல்லை, குளிர்சாதனம் இல்லை, காதைத் துளைக்கும் பாட்டும் இல்லை. எளிய சூழலில் உடல் வலிமை பெற விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சில நாள் காலை வேளையில் அருகில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஓர் ஐயம் பிறந்தது: இவற்றுள் எத்தனை, தசைக்கு உண்மையிலேயே வலிமை சேர்க்கின்றன?

எந்த அளவுகோலைக் கொண்டு இதைச் சொல்வது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிகாகோ நகரத்து ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் பணியாற்றினார். முழங்காலில் அடிபட்ட சிப்பாய்களின் தொடைத் தசை மெலிந்து கிடந்தது. இலேசான அசைவுகளைப் பலமுறை செய்யச் சொல்வதே அக்காலத்து வழக்கம். டிலார்ம் அதை விட்டுவிட்டு, காலில் ஓர் இரும்புக் காலணியை மாட்டி அதில் எடையைச் சேர்த்தார். பத்துமுறை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ அதைக் கண்டறிந்து, வலிமை ஏற ஏற எடையையும் ஏற்றிக்கொண்டே போனார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய பளுப் பயிற்சியின் அறிவியல் பெரும்பாலும் கிளைத்தது.

காரணம் இதுதான். தசையிலுள்ள நார்கள் எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. இலேசான வேலைக்கு நரம்பு மண்டலம் சிறிய நார்த்தொகுதிகளை மட்டுமே ஏவுகிறது. பளு கூடினாலோ, களைப்பு மிகுந்தாலோதான் பெரிய தொகுதிகளுக்கு அழைப்பு வருகிறது. அழைக்கப்படாத நார் வளர்வதில்லை. முதல் சில வாரங்களில் நீங்கள் அடையும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகள் இந்த ஏவலைக் கற்றுக்கொள்வதால் வருவதே. நார்கள் தடிப்பது மெதுவாகத் தொடர்கிறது.

இப்போது பூங்காவுக்கு வாருங்கள். இரு பலகைகளில் கால்வைத்து முன்னும் பின்னும் வீசும் சாதனத்தின்முன் எப்போதும் கூட்டம். அதன் தத்துவம் ஊஞ்சலுடையது. ஒருமுறை வீசிவிட்டால் உங்கள் வேலையில் பெரும்பங்கைப் புவியீர்ப்பே செய்துவிடுகிறது. மூட்டுகள் அசைகின்றன, மனம் மகிழ்கிறது, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவும் முடிகிறது. ஆனால் வலிமைப் பயிற்சி அது அன்று. இடுப்பைத் திருகும் வட்டத் தட்டும் அவ்வாறே. உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளினால் இருக்கை மேலெழும் சாதனம் சற்று மேல். உங்கள் உடல் எடையின் ஒரு பகுதியையே நெம்புகோல் வழியாக நீங்கள் தூக்குகிறீர்கள். குறை என்னவெனில், இன்று தூக்கியதும் ஆறு மாதம் கழித்துத் தூக்குவதும் ஒரே அளவுதான். எடையைக் கூட்ட ஒரு வழியும் வைக்காமல் அதைப் படைத்துவிட்டார்கள்! காலால் உதைக்கும் இருக்கையில் மட்டும் ஒரு தந்திரம் உண்டு: ஒரு காலால் உதைத்தால் அந்தக் காலின் சுமை இரட்டிப்பாகும். யாரும் சீண்டாமல் மூலையில் நிற்கும் வெறும் இரும்புத் தொங்குகம்பிதான் அங்கே ஆகச் சிறந்த சாதனம் என்பேன்.

அப்படியானால் காசு கட்டிச் சேரும் குளிரூட்டிய கூடங்களே மேலா? எடையைக் கூட்டலாம், தவறைத் திருத்த ஆள் இருக்கலாம், அவ்விரண்டும் உயர்வுதான். மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் பயிற்சி செய்தவர் எவரும் குளிர்சாதனத்தைப் பழிக்கமாட்டார். ஆனால் பளபளப்புக்கும் தசை வளர்ச்சிக்கும் தொடர்பில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் பத்து வாரம் முழங்கால் நீட்டும் பயிற்சி செய்தனர். தூக்க முடிந்த உச்ச எடையில் 30 சதவீதத்தை மட்டுமே ஓயும்வரை தூக்கிய காலும், 80 சதவீதத்தைத் தூக்கிய காலும் ஏறக்குறைய ஒரே அளவே பருத்தன. உச்ச எடையைத் தூக்கும் திறன் மட்டும் கனமான பளுவுக்கே கூடுதலாகப் பலித்தது. சிறிய பளுவும் போதும்; ஆனால் தசை ஓயவேண்டும்.

இதையெல்லாம் பயில்வான்களுக்கு மட்டும் சொல்லவில்லை. 1990-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி அளித்தார்கள். முழுதும் முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. மாடிப்படிக்கு அஞ்சிக் கீழேயே இறங்காத தாத்தா பாட்டிகள் நம் அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பேர்! மேலும், உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசையே. 2023-இல் வெளியான ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனமும் வாரம் இரு நாளாவது தசை வலிமைப் பயிற்சி வேண்டும் என்கிறது.

நம் புறநகரில் வீட்டுக்கு வீடு இருக்கும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ; எனவே தராசும் வேண்டாம். ஐந்து லிட்டரில் தொடங்குங்கள். அதை மார்போடு அணைத்து நாற்காலியிலிருந்து எழுந்து அமருங்கள். பன்னிரண்டு முறை எளிதாக முடிந்தால் அடுத்த வாரம் ஒரு லிட்டர் கூட்டுங்கள். பாதி நிரம்பிய கேனில் நீர் அலையாடித் தொல்லை தரும். மணல் நிரப்பிய பையானால் அந்தத் தொல்லை இல்லை. மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென ஏறும். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

பழையதெல்லாம் சிறந்தது என்று நான் வாதிடவில்லை. ஊர் மந்தையில் ஒற்றையாய்க் கிடக்கும் இளவட்டக்கல், வலிமையைச் சோதிக்குமே தவிர வளர்க்காது. தூக்க முடியாதவன் அதில் தொடங்கவே வழியில்லை. ஆனால் நெல்லைச் சீமையில் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் வெவ்வேறு எடையுள்ள கற்களை வைக்கிறார்கள். பூங்காவின் மூலையில் மணல் பரப்பி, ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கிலோ என்று எடை பொறித்த கற்களை வரிசையாக வைத்தால் என்ன? குழந்தைகள் காலில் போட்டுக்கொள்ளாதபடி ஒரு வேலி வேண்டும். எண்ணெய் போடவேண்டிய உறுப்பு அதில் எதுவும் இல்லை.