மேடைப் பேச்சும் மடற் பேச்சும்

முதல் உலகப் போரின் பிற்பகுதியில் பிரிட்டனின் பிரதம மந்திரியாக இருந்த டேவிட் லாயிட் ஜார்ஜ், தம் போர்க்கால நினைவுகளை 1933 முதல் 1936 வரை ஆறு பெரும் பகுதிகளாக வெளியிட்டார். அவற்றைப் படிப்போர்க்கு ஒன்று விரைவில் புலப்படும். பிறர் செய்த தவறுகள் அவற்றில் நிறைய உண்டு. ஆசிரியர் செய்த தவறுகளைத் தேடித்தான் காணவேண்டும். தம் வரலாற்றைத் தாமே எழுதப் புகும் அரசியல்வாதிகள் பலருக்கும் நேர்வதே இது. உலகம் படிக்கப்போகிறது என்னும் நினைவு எழுதுகோலைப் பிடித்துத் திருப்பிவிடுகிறது.

அதே மனிதர் தம் குடும்பத்தார்க்கு எழுதிய மடல்கள் அத்தகையன அல்ல. 1885 முதல் 1936 வரை எழுதப்பட்ட அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, வரலாற்றாசிரியர் கென்னத் ஓ. மார்கன் 1973-ஆம் ஆண்டில் ஒரு தொகுதி வெளியிட்டார். கடித இலக்கியம் என்றவுடன், நேரு 1928-இல் தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள் பலர் நினைவுக்கு வரும். அவை கற்பிக்க எழுந்தவை; அடுத்த ஆண்டே நூலாயின. லாயிட் ஜார்ஜின் மடல்களோ பாராளுமன்ற வேலைகளுக்கிடையே விரைந்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்திற்கிடையே வெல்ஷ் மொழிச் சொற்கள் கலந்து வருகின்றன. மனைவியை அழைக்கும் செல்லப் பெயரும் வெல்ஷ் மொழியே.

அம்மொழி அவர் வளர்ந்த வீட்டின் மொழியாகும். 1863-இல் மான்செஸ்டரில் பிறந்த அவர், மறு ஆண்டே தந்தையை இழந்தார். வட வேல்ஸில் லானிஸ்டும்டுவி என்னும் சிற்றூரில், செருப்புத் தைக்கும் தொழிலராயும் சமயப் போதகராயும் விளங்கிய தாய்மாமன் ரிச்சர்டு லாயிட் அவரை வளர்த்து ஆளாக்கினார். 1890-இல் நடந்த இடைத்தேர்தலில் 18 வாக்குகளே அதிகம் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்தார். அந்நாளில் உறுப்பினர்க்குச் சம்பளம் இல்லை. ஊரில் வக்கீல் தொழிலைத் தம்பி வில்லியம் நடத்த, அந்த வருவாயின் துணையால் அண்ணன் லண்டனில் அரசியல் நடத்தினார். உறுப்பினர்க்குச் சம்பளம் என்னும் ஏற்பாட்டை 1911-இல் நிதி மந்திரியாக இருந்து கொண்டுவந்தவரும் அவரே.

மனைவி மார்கரெட் வசதியுள்ள விவசாயி ஒருவரின் மகள். சமயப் பிரிவு வேறு என்பதனாலும், மாப்பிள்ளையிடம் பொருள் இல்லை என்பதனாலும் பெண் வீட்டார் தயங்கினர். திருமணம் 1888-இல் நடந்தது. அதற்கு முன் எழுதிய காதல் கடிதம் ஒன்று இத்தொகுதியிலேயே மிகவும் சிந்திக்கத்தக்கது. முன்னேறுவதே தம் தலையாய நோக்கம் என்றும், நேர்மை ஒன்றைத் தவிர எதனையும் அதற்குப் பலியிடத் துணிவேன் என்றும், தம் தேரின் வழியில் காதலே குறுக்கிட்டாலும் அதனையும் சக்கரத்தின் கீழ்த் தள்ளத் தயங்கேன் என்றும் பொருள்பட அவர் எழுதுகிறார். அவர் குறிக்கும் தேர் பூரி ஜகந்நாதரின் தேர். அப்பெயர் ஆங்கிலத்தில் எதனையும் நசுக்கிச் செல்லும் ஆற்றலுக்குப் பெயராகிவிட்டது. காதலியிடமே இதனைச் சொன்ன துணிவை வியப்பதா, வருந்துவதா? எச்சரிக்கை விடுத்துவிட்டே அவர் மணம் புரிந்தார் என்பது மட்டும் உறுதி.

தேர் ஓடியது, சக்கரத்தின் கீழ்ச் சிக்கியது இல்லறம். கணவர் லண்டனில், மனைவியும் குழந்தைகளும் பெரும்பாலும் கிரிக்கியத் ஊரில். 1897-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், தம்மைத் தனியே விட்டதற்கு மனைவியின் சமயப் பிடிப்பே காரணம் என்பதுபோல் அவர் கடிந்துகொள்கிறார். லண்டன் வீட்டில் விளக்கேற்றி வைக்க ஆள் இல்லை என்னும் குறை அதில் தெரிகிறது. மனைவிக்கு லண்டனில் என்ன இருந்தது என்னும் கேள்வி எழவில்லை. தவறு எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருப்பதாகக் காட்டும் வழக்கறிஞரின் திறம் வீட்டிலும் கைகொடுக்கிறது.

ஆனால் தொகுதியின் உயிர்நாடி 1914 ஆகஸ்ட் மாதக் கடிதங்களே. ஆகஸ்ட் 3-ஆம் நாள், பிரிட்டன் போரில் இறங்குவதற்கு முன்நாள், கெட்ட கனவு போன்ற உலகில் உழல்வதாகவும், சமாதானத்துக்காகக் கடுமையாகப் போராடியதாகவும், சிறு நாடாகிய பெல்ஜியம் தாக்கப்படுமானால் தம் மரபே தம்மைப் போரின் பக்கம் நிறுத்தும் என்றும் மனைவிக்குத் தெரிவிக்கிறார். எட்டு நாட்கள் கழிந்து மற்றொரு கடிதம். வெளிநாட்டுப் போர்முனைக்குச் செல்லுமாறு தொண்டர் படையினரை வற்புறுத்துகின்றனர். மகன் க்விலிம் அதற்கு இணங்கிவிடக் கூடாது. அருமைப் பிள்ளையைப் பலியிடத் தாம் ஒருப்படவில்லை என்னும் கருத்து அதில் காணப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், லண்டன் குவீன்ஸ் ஹால் மண்டபத்தில் வெல்ஷ் மக்கள் கூடிய பேரவையில், வேல்ஸின் இளைஞர்களைப் படைக்கு அழைத்து அவர் ஆற்றிய உரை நாடெங்கும் புகழ் பெற்றது.

இதனைப் போலித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். அது எளிய தீர்ப்பு. நேரிய தீர்ப்பு அன்று. அந்த ஆறு வாரங்களில் பெல்ஜியம் மிதிபட்டது. போரின் தன்மையும் மாறியது. பின்னர் அவருடைய புதல்வர் இருவருமே படையில் சேர்ந்தனர். எனினும் ஒன்றை மறுக்க இயலாது. அவ்வுரையைக் கேட்டு மகனை வழியனுப்பிய தந்தையர்க்கு இந்த மடல் தெரியாது. அந்த அழைப்பால் திரண்ட வெல்ஷ் படைப்பிரிவு 1916 ஜூலையில் பிரான்சின் மாமெட்ஸ் காட்டில் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் அருமைப் பிள்ளை அன்றோ? மடலில் தந்தை பேசினார். மேடையில் மந்திரி பேசினார். இரண்டும் அந்தந்த நாளில் உண்மையே. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியதே இத்தொகுதியின் பெரும்பயன்.

ஆயினும் மடலில் இருப்பதே முழு உண்மை என எண்ணுவதும் பிழையாகும். 1913 முதல் லாயிட் ஜார்ஜின் செயலாளரான பிரான்சஸ் ஸ்டீவன்சன், அக்காலம் தொட்டே அவருடைய அந்தரங்க வாழ்வின் துணைவியாகவும் இருந்தார். அப்போதும் மனைவிக்கு அன்பு மடல்கள் நிற்கவில்லை. பிரான்சஸுடன் அவர் பரிமாறிக்கொண்ட கடிதங்களை ஏ. ஜே. பி. டெய்லர் 1975-இல் தனி நூலாக்கினார். இரு நூல்களையும் சேர்த்துப் படிப்போர் ஒரே கை இருவேறு குரலில் எழுதுவதைக் காண்பர். மார்கரெட் 1941-இல் மறைந்தார். 1943-இல் பிரான்சஸை மணந்த லாயிட் ஜார்ஜ் 1945-இல் காலமானார்.

ஆகவே மடலும் ஒரு மேடையே. மேடையில் கேட்போர் ஆயிரவர். மடலில் கேட்பவர் ஒருவர். அவ்வொருவரின் மனத்தை வெல்லவேண்டும் என்னும் முனைப்பு இரண்டிலும் உண்டு. மடலின் சிறப்பு அதன் ஒளிவின்மையில் இல்லை; எழுதியவர் தம்மை அறியாமல் வெளியிட்டுவிடும் அச்சத்திலும் ஆசையிலும் இருக்கிறது.

தொகுதியில் குறை ஒன்று உண்டு. அது தொகுப்பாசிரியரின் குறை அன்று. மடல்கள் பெரும்பாலும் கணவர் எழுதியவையே. ஐந்து குழந்தைகளைப் பெற்று, 17 வயது மகள் மைரை 1907-இல் பறிகொடுத்து, போர்க்கால அறப்பணிகளால் 1920-இல் டேம் பட்டமும் பெற்ற மார்கரெட் அம்மையாரின் குரல் இதில் அரிதாகவே கேட்கிறது. அவர் என்ன மறுமொழி எழுதியிருப்பார் என்று ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எண்ணிப் பார்ப்பவரே இந்நூலை நன்கு படித்தவர் ஆவர். சிலையும் வரலாறும் தேரில் சென்றவர்க்கு உண்டு. தேர் சென்ற வழியில் நின்றவர்க்கு எஞ்சியவை, அவர் பத்திரப்படுத்தி வைத்த இந்த மடல்களே.