செய்ந்நன்றி அறிதலும் கீரிமலைத் தீர்த்தமும்: ஒரு மதிப்பீடு

நன்றியுணர்வு வாழ்வை வளம்படுத்தும் என்பது அறநூலார் கூற்று மட்டுமன்று. இன்று உளவியலாளர் முடிபுமாகும். எம்மன்ஸ், மக்கலோ என்னும் அமெரிக்க உளவியலாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தாம் பெற்ற நன்மைகளை வாரந்தோறும் எழுதிவந்தோர், தொல்லைகளை எழுதிவந்தோரினும் தம் வாழ்வை நிறைவுடையதாகக் கண்டனர். முடிபு ஏற்கத்தக்கதே. ஆயின் அந்நன்மை எத்தகைய சமூக உறவின் வழியே வந்தது என்ற வினா அங்கு எழுவதில்லை. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தை இவ்வினாவுடன் அணுகுதல் பயனுடையது.

அதிகாரத்தின் பெயரே நோக்கற்பாலது. அது 'நன்றி கூறுதல்' அன்று, 'செய்ந்நன்றி அறிதல்'. பழந்தமிழில் நன்றி என்பது நன்மை, பயன், அறம் எனப் பொருள்படும். 'நன்றியில் செல்வம்' என்னும் 101ஆம் அதிகாரம் பேசுவது நன்றிகெட்டவனைப் பற்றியன்று. பயன்படாத செல்வத்தைப் பற்றியே. ஆகவே நன்றியறிதல் என்பது உணர்ச்சிப் பெருக்கன்று. பயன் வந்த வழியை அறிதலாகும்.

புறநானூற்று 34ஆம் பாடலில் ஆலத்தூர்கிழார் கிள்ளிவளவனிடம் செய்ந்நன்றி பற்றிப் பேசுகிறார். அங்கு உறவு புரவலனுக்கும் இரவலனுக்கும் உரியது. அப்பாடல் கூறும் அறத்தையே 110ஆம் குறள் மீண்டும் கூறுகிறது. எனினும் அவ்வதிகாரத்தில் அரசனும் இல்லை, புரவலனும் இல்லை. 106ஆம் 107ஆம் குறள்கள் கேண்மை, நட்பு என்னும் சொற்களையே ஆள்கின்றன. அண்டிவாழ்வோனின் கடனாயிருந்த ஒன்றை ஒத்தாரிடை நிகழும் உறவாக வள்ளுவர் மாற்றியுள்ளார் என்பதே எமது கருத்து. பரிமேலழகரோ 110ஆம் குறளுக்கு உரைகாணுமிடத்துப் புறநானூற்றுப் பாதகப் பட்டியலையே மீளக் கொணர்கிறார். நட்பின் சாயல் அங்கு மங்கிவிடுகிறது.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 109ஆம் குறளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கொல்லுதல் போன்ற தீமை செய்யினும் அவர் முன்செய்த நன்மை ஒன்றை நினைத்தால் அத்தீமை மனத்தினின்று அகலும் என்பது அதன் கருத்து. நண்பரிடையே இது நினைப்பவனை விடுவிக்கும் மருந்து. பகையைச் சுமந்து வாழும் வறுமையிலிருந்து அவனை மீட்பது. ஆண்டான் அடிமை உறவில் இதே குறள் விலங்காகிவிடும். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று குடிமைத் தொழில் செய்தோருக்கு ஓதப்பட்டது. (அந்த உப்பை விளைவித்தவர் யார் என்று பழமொழி கேட்பதில்லை.)

நன்றிக்கடனுக்கு யாழ்ப்பாணத்தவர் நாடுமிடம் கீரிமலை. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் அங்கு நீராடிப் பிதிர்க்கடன் செய்வர். அன்று மாவிட்டபுரம் கந்தனும் தீர்த்தமாட அங்கு எழுந்தருள்வான். அக்கந்தனின் ஆலயத்துள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் 1968இல் முயன்றபோது, உயர்சாதியினர் எனப்பட்டோர் மறித்து நின்றனர். தந்தையரின் நன்றியை மறவாதவர்கள் தம் தோட்டங்களில் துலா மிதித்தோரின் நன்றியை அறியாதிருந்தனர்! இதனை வெறும் முரண்பாடு என்று கூறி அமையவியலாது. குருதிவழி வந்த நன்மை மட்டுமே நன்மையெனக் கணிக்கப்பட்டது. உழைப்பின்வழி வந்தது 'கடமை' எனப் பெயர்பெற்றுக் கணக்கினின்றும் நீங்கிற்று.

கேணியின் நீரே இக்கணக்கை மறுக்கிறது. நகுலமுனிவரின் கீரிமுகம் நீங்கிய ஐதிகம் யாவரும் அறிந்ததே. நீரின் வரலாறோ வேறு. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், மாரிமழை சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, கடல்நீரின்மேல் நன்னீராய்த் தேங்கி, கரையோரத்தில் ஊற்றாகிறது. தீர்த்தமெனத் தலையில் தெளிக்கப்படுவது உள்ளூர்த் தோட்டநிலங்களில் விழுந்த மழையே. அந்நிலத்தைக் கொத்தியவரின் கால்பட்ட நீர் அது. ஆலயத்துள் வராதே என்று தடுக்கப்பட்டவரை நீர் தடுக்கவில்லை.

நன்மை வந்த வழியை இவ்வாறு பின்தொடர்பவனின் உலகம் விரிகிறது. தந்தையோடு நில்லாது தோட்டத்தொழிலாளி, கிணறு வெட்டியவன், இனி அந்நீரை அருந்தவிருப்போன் ஆகியோரும் அவன் உறவாகின்றனர். நிறைவான வாழ்வு என்று உளவியலாளர் அளந்தது இதனை அன்று. வலிகாமத்து நிலத்தடி நீரில் இரசாயன உரத்தின் நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எள்ளும் நீரும் இறைக்குங் கை தோட்டத்தில் எவ்வளவு உரம் இடுகிறது என்பதும் செய்ந்நன்றி அதிகாரத்துக்கு உட்பட்ட வினாவே.