மோகனத்தின் அடியில் நகரும் ஸ

ஸ ரி க ப த. மோகனத்தின் இந்த ஐந்து சுரங்களையும் கித்தாரில் ஒருசேர மீட்டினால் வருவது ஜாஸ்காரர்களின் 'சிக்ஸ் நைன்' கார்ட். ஹம்சத்வனியின் ஸ ரி க ப நி ஒன்றுகூடினால் 'மேஜர் நைன்'. எளிய தமிழ் மெட்டுகளை ஜாஸ் கார்ட்டுகளோடு வாசிக்கும்போது பல சமயம் அவை நம் காதுக்கு ஒட்டாமல் போவதில்லை. அதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

ஒற்றைக் கித்தாரில் மெட்டையும் கார்ட்டையும் சேர்த்து வாசிக்கும் முறை எளிது, பழக்கம்தான் கடினம். மெட்டு மேல் தந்திகளில் ஓடும், பேஸ் கட்டைவிரலில் நிற்கும், நடுவே இரண்டொரு சுரங்கள் கார்ட்டின் நிறத்தைச் சொல்லும். ஜாஸ் கித்தார் கலைஞர் ஜோ பாஸ் 1973இல் 'வர்ச்சுவோசோ' இசைத்தட்டில் ஒற்றைக் கித்தாரை வைத்தே இதைச் செய்தார். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்து 2012இல் மறைந்த கித்தார் கலைஞர் பால் பொன்னுதுரை, ஊரறிந்த பாட்டுகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டியவர். இங்கே மலாக்காவில், ஜாசின், மெர்லிமாவ் பக்கத் தோட்டத்து வீட்டு விசேஷத்துக்கு வாத்தியக் குழுவை வரவழைப்பது செலவு. ஒரு கித்தார் போதும் என்பது சின்ன வரமல்ல.

சிக்கல் பேஸில் இருக்கிறது. ஜாஸில் பேஸ் நடந்துகொண்டே இருக்கும். மோகனத்தின் அதே ஐந்து சுரங்களுக்கு ரி ஆதாரமானால் மத்தியமாவதி, க ஆதாரமானால் ஹிந்தோளம், த ஆதாரமானால் சுத்த தன்யாசி. தம்புரா ஒலித்தால் காது ஸ-வை விடாது. அது இல்லாதபோது, பேஸ் நிற்கும் இடமே ஸ ஆகிவிடுகிறது. மெட்டில் ஒரு சுரம்கூட மாறாமலே தாலாட்டுக்கு ஒப்பாரிச் சாயல் வந்துவிடும். பாட்டின் சொல் அந்தத் துயரத்தைக் கேட்டால் அது அழகு. பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுக்கு ஒருமுறை செய்தால் ராகத்துக்குச் செய்யும் தீங்கு என்பேன்.

கமகம் இன்னொரு சிக்கல். 'ஃப்ரெட் உள்ள வாத்தியத்தில் அசைவு வராது' என்பார்கள். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அதைப் பொய்யாக்கிவிட்டார். தடை ஃப்ரெட்டில் இல்லை. கார்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல்களில் தந்தியை இழுத்து அசைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. தோடியின் காந்தாரம் அசைவிலேயே வாழ்கிறது. அதை கார்ட்டுக்குள் வைத்தால் ஆணியடித்ததுபோல் நின்றுவிடும். தோடிக்கும் சஹானாவுக்கும் இந்த முறை வேண்டாம்.

கற்பனை வாசிப்பு பற்றி மலாக்காக்காரர்கள் வெளியே போய்க் கற்கவேண்டியதில்லை. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த டொண்டாங் சாயாங், மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசிய வழியினர், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் என எல்லாரும் பாடும் கலை. மெட்டு நிலையாக இருக்கும்; பாந்துன் என்னும் மலாய்ச் செய்யுள் அந்த இடத்திலேயே பிறக்கும்; பதில் பாடுபவர் எதிராளியின் வரியை முழுதாகக் கேட்டாக வேண்டும். நம் நிரவலிலும் சாகித்ய வரி கைவிடப்படுவதில்லை. கார்ட் வடிவங்களை மனப்பாடம் செய்து அவற்றின் மேல் விரலை ஓட்டுவது வேகமாக இருக்கலாம். அதில் கேட்பது இல்லை, எனவே பதிலும் இல்லை. இளம் வாசிப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

பேஸ் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆறாவது தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். கீழ் மூன்று தந்திகளும் திறந்தபடியே ஸ ப ஸ ஆகிவிடும். தம்புரா கித்தாருக்குள்ளேயே வந்துவிடுகிறது. முதல் சுற்றில் அதன்மேல் மெட்டு மட்டும். அடுத்த சுற்றில் நடுச்சுரங்கள். மூன்றாவதில்தான் பேஸ் ஸ-வை விட்டு இறங்கட்டும். எங்கிருந்து இறங்குகிறது என்பது அதற்குள் கேட்பவருக்கும் தெரிந்திருக்கும்.