நிறுத்தும் ஆற்றல்

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் மலேசியத் தரைப்படையின் போர்ப் பயிற்சி நடுவமாகிய புலாடா அமைந்துள்ளது. தோட்டமும் காடும் அடுத்தடுத்துக் கிடந்த அப்பகுதிக்குத் துப்பாக்கியோசை புதிதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் பெரிதும் ஒலித்தது .303 அங்குலத் துப்பாக்கி. பின்னர் 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். வந்தது, அதனையடுத்து 5.56 மில்லிமீட்டர் எம்-16 வந்தது. இவ்வாறு குழலின் விட்டம் குறையுந்தோறும் உலகப் படைகள் பலவற்றிலும் ஒரு வழக்கு எழுந்துள்ளது. பெரிய குண்டு சிறந்ததா, சிறிய குண்டு சிறந்ததா? எதற்கு 'ஸ்டாப்பிங் பவர்' மிகுதி?

இத்தொடரை 'நிறுத்தும் ஆற்றல்' எனத் தமிழில் பெயர்க்கலாம். பெயர்த்தவுடன் இலக்கணம் ஒரு வினாவை எழுப்புகிறது. நிற்றல் தன்வினை, நிறுத்தல் பிறவினை. நிறுத்துவது குண்டு, நிறுத்தப்படுவது எது? செயப்படுபொருள் குன்றா வினையில் செயப்படுபொருளைச் சொல்லாது விட்டால், சொல்ல விரும்பாத ஒன்று அங்கே உள்ளது என்று ஐயுறுதல் தவறாகாது. வழக்காடுவோர் மில்லிமீட்டரையும் கிராமையும் சொல்கின்றனர், மனிதனைச் சொல்வதில்லை.

இவ்வழக்கின் பழைய வரலாறு இவ்வையத்தை வலியுறுத்துகிறது. பிரித்தானியப் படை 1871இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் குண்டு 11.4 மில்லிமீட்டர் பருமனும் 31 கிராம் எடையும் உடைய ஈயக் குண்டு. 1888இல் வந்த .303 குண்டோ 7.7 மில்லிமீட்டர்; 14 கிராம்; ஈயத்தின்மேல் கடின உலோக உறை போர்த்தது. 1895ஆம் ஆண்டு சித்ரால் படையெடுப்பில் இப்புதுக் குண்டின்மீது குறை கூறப்பட்டது. உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது. துளைக்கப்பட்டவன் நில்லாமல் ஓடி வருகிறான் என்பது குறை. கல்கத்தாவை அடுத்த டம் டம் படைக்கலச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் குண்டின் நுனியில் உறையை நீக்கி ஈயத்தை வெளிப்படுத்தினார். உடலிற் பட்டதும் நுனி விரிந்து புண்ணை அகலப்படுத்தும். ஊர்ப்பெயரே குண்டின் பெயராயிற்று.

1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளை விலக்கியது. அங்கே பிரித்தானியப் பேராளர் சர் ஜான் ஆர்டா மறுத்து உரைத்த வாதம் குறிக்கத்தக்கது. நாகரிகமடைந்த போர்வீரன் காயமுற்றால் விலகி மருத்துவம் நாடுவான். நாகரிகமற்றவனோ எத்தனை முறை துளைக்கப்பட்டாலும் பாய்ந்து வருவான். ஆதலின் அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அவர் கருத்து. குண்டின் குறை என்று தொடங்கிய பேச்சு, குண்டு பட்டவனின் இனக்குறையாக இங்கே மாறிவிடுகிறது! பிரித்தானியா அவ்வறிக்கையை ஏற்றது 1907இல்தான்.

ஏற்ற பின் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1910இல் ஏழாம் வகை .303 குண்டு வந்தது. அதன் உறை முழுமையானது. சட்டத்தின் எழுத்துக்கு மாறில்லை. ஆயின் உறையினுள் நுனிப்பகுதியில் ஈயம் இல்லை. அலுமினியம் போன்ற மென்பொருளை வைத்தனர். நுனி இலேசாகவும் அடி கனமாகவும் அமைந்தமையின், உடலிற் புகுந்ததும் குண்டு குப்புறப் புரளும். சூத்திரத்தை மீறாமல் அதன் கருத்தை மட்டும் கைவிடும் உரைகாரர் படைக்கலச் சாலையிலும் உண்டு போலும். இரண்டு உலகப்போர்களிலும், பின்னர் மலாயாக் காட்டிலும் வழங்கியது இந்த ஏழாம் வகைக் குண்டே.

பருமனை மட்டும் கொண்டு வழக்காடுவோர் எண்ண வேண்டிய இடம் இது. சித்ராலில் நிறுத்தவில்லை என இகழப்பட்டதும் .303, டம் டம்மில் கொடிதென விலக்கப்பட்டதும்.303, புரண்டு சிதைத்ததும்.303. விட்டம் ஒன்று, புண்கள் மூன்று. செய்யுளின் சிறப்பை அடிக்கணக்கால் அளப்பவனுக்கும் குண்டின் வலியைக் குழல் விட்டத்தால் அளப்பவனுக்கும் வேறுபாடு சிறிதே.

5.56 பற்றிய பூசலும் இத்தகையதே. 3.6 கிராம் எடையுள்ள பழைய எம்-16 குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் விரைவில் புறப்படுவது. அது உடலிற் புரண்டு உடைவதாலேயே பெரும்புண் விளைகிறது என்று அமெரிக்கப் படை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980களில் கூழ்மக் கட்டிகளிற் சுட்டு விளக்கினார். தொலைவு மிக, விரைவு குறைய, அது உடைவதில்லை. ஊசிபோல் துளைத்துச் செல்லும். ஒருவர் 'பட்டதும் வீழ்ந்தான்' என்கிறார். மற்றொருவர் 'பட்டும் ஓடினான்' என்கிறார். இருவரும் பொய்யரல்லர். மூளையும் கழுத்துத் தண்டுவடமும் தாக்குண்டாலன்றி எக்குண்டும் மனிதனை உடனே வீழ்த்தும் என்பதற்கு உறுதியில்லை. இதயம் சிதைந்தவனும் பத்துப் பதினைந்து நொடி செயற்படக்கூடும். எனவே பட்ட இடமே முதன்மை. சிறு குண்டை விரும்பியதற்கு ஒரு நேரிய காரணம் எடை. 7.62 தோட்டா ஏறத்தாழ 24 கிராம், 5.56 தோட்டா அதிற் பாதி. காட்டில் சுமந்து நடப்பவனுக்கு இது சிறு செய்தியன்று.

இந்தியாவிலும் இவ்வழக்கு ஓய்ந்ததில்லை. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் 5.56 இன்சாஸும் செய்யப்பட்டது, 7.62 திருச்சித் துப்பாக்கியும் செய்யப்பட்டது. இன்சாஸின் குண்டு பகைவனைக் காயப்படுத்துகிறதே அன்றி வீழ்த்துவதில்லை என்று குறை கூறினர். 2019இல் இந்தியத் தரைப்படை 72,400 சிக்-716 துப்பாக்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தபோது மீண்டும் 7.62க்கே திரும்பியது. காயப்படுத்துவதே மேல், காயமுற்றவனைத் தூக்க இருவர் வேண்டுமாகையால் மூவர் களம் நீங்குவர் என்பாரும் உளர். இக்கணக்கில் மனிதன் சுமையாகவாவது ஒருமுறை தலைகாட்டுகிறான்.

துளைத்துச் செல்லும் படைக்கலத்தையும் தங்கி நிற்கும் படைக்கலத்தையும் தமிழ் அறியாததன்று. கம்பர் இரண்டையும் பாடியுள்ளார். இராமன் அம்பு தாடகையின் கல்லனைய நெஞ்சில் தங்காமல் பின்புறம் போயிற்று. அதற்கு அவர் காட்டும் உவமை, கல்லாத புல்லர்க்கு நல்லோர் சொன்ன பொருள். சித்ரால் படையதிகாரி இதனைக் குண்டின் குறை என்றிருப்பார். கம்பர்க்கோ அது நெஞ்சின் இயல்பைக் காட்டும் குறி. தாடகை வீழாமலும் இல்லை.

வாலி வதைப் படலத்தில் நிலை தலைகீழாகிறது. அம்பு மார்பிற் புகுந்தது. மறுபுறம் உருவுமுன் வாலி அதனைக் கையாற் பற்றி, வாலாலும் காலாலும் பிணித்து அகப்படுத்துகிறான். இங்கே நிறுத்தியவன் அடிபட்டவன், நிறுத்தப்பட்டது அம்பு. ஆர்டா அஞ்சிய, 'பட்டும் நில்லாத' மனிதனைக் கம்பர் இழித்துரைக்கவில்லை. அவன் வலிமையைக் கண்டு வியக்கிறார். வகுப்பில் இவ்விடத்தை வாலியின் உடல்வலிக்குச் சான்றாக மட்டும் காட்டிக் கடந்துவிடுவது போதாது. அம்பை நிறுத்தியதனால் வாலிக்குக் கிடைத்தது அதனைப் பறித்துப் பார்க்கும் வாய்ப்பு. பார்த்ததனால் கிடைத்தது எய்தவன் பெயர். பெயர் தெரிந்த பின்னரே அவன் வினவத் தொடங்குகிறான். மறைந்து நின்று எய்தது ஏன் என்ற அவ்வினாவுக்கு இராமனும் இலக்குவனும் கூறிய விடை போதுமா என்று பட்டிமன்றங்கள் இன்றும் ஆராய்கின்றன.

1899இல் ஹேக் மாநாட்டில் இருபத்தாறு அரசுகளின் பேராளர் அமர்ந்திருந்தனர். சித்ராலிலிருந்து ஒருவரும் அழைக்கப்படவில்லை.