எட்வேட்டும் சூரனும்: பழம்பிழை பற்றியதொரு நோக்கு

ஒருவன் முன்னொரு காலத்திற் செய்த பிழையைக் கோலாகக் கொண்டு இன்றைய அவனை அளத்தல் முறையாகுமா என்னும் வினா மிகப் பழையது. அறநூல்களும் காப்பியங்களும் அதனைப் பலகாலும் எழுப்பியுள்ளன. அவ்வினா, 23ஆம் நூற்றாண்டிலே விண்வெளியில் மிதக்கும் நிலையமொன்றைக் களனாகக் கொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் எழுப்பப்படுமாயின், தமிழ் கற்றார் அதனைப் பொருட்படுத்த வேண்டுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். விஞ்ஞானப் புனைகதை என்றவுடன் சிறுவர் விளையாட்டென ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றாரிடையே இன்னும் முற்றாக அகன்றிலது. விரும்பிய உருக்கொள்ளும் உயிர்களும், அண்டந்தோறும் சென்றுவரும் விமானங்களும் புகுந்தமை பற்றியே ஒரு கதை தள்ளத்தக்கதாயின், 1008 அண்டங்களை ஆண்ட சூரபன்மன் வரலாற்றை ஆண்டுதோறும் கோயில்களிற் படித்துப் பயன் சொல்லும் யாழ்ப்பாணத்தார் முதலிலே தள்ளவேண்டியது கந்தபுராணத்தையே யாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது ‘பாபிலோன் 5’ என்னும் தொடர். 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பப்பட்ட அதன் 110 கதைகளுள் 92 ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்னும் ஒருவரே எழுதினார். பலர் கூடி எழுதும் தொலைக்காட்சி உலகில் இஃது அரிய செய்தி. காப்பியத்துக்குரிய ஒருமைப்பாடு அத்தொடருக்கு ஓரளவேனும் வாய்த்தமைக்குக் காரணமும் இதுவே. அவர் தம்மைக் கடவுள் நம்பிக்கையில்லாதவர் என வெளிப்படையாகக் கூறிக்கொள்பவர். அங்ஙனமிருந்தும் 1995ஆம் ஆண்டில் வெளிவந்த, கெத்சமனித் தோட்டத்தைத் தலைப்பிற் கொண்ட கதையிலே துறவிகளை அவர் நடத்தியிருக்கும் மதிப்பு, சமயப்பற்றுடைய எழுத்தாளர் பலரிடத்துங் காணற்கரியது.

கதை வருமாறு. வேற்றுலக இனங்கள் கடவுளை எவ்வெப் பெயரால் அழைக்கின்றன என்பதை அறியும் நோக்குடன் கிறிஸ்தவத் துறவிகள் சிலர் அந்நிலையத்தில் வந்து தங்குகின்றனர். அவருள் எட்வேட் என்பவர் மென்மையும் பணிவும் உடையவர். வேற்றினத்தார் இருவர் அவருடைய சமயத்தின் உயிர்நிலை யாதென வினவுகின்றனர். தம்மைப் பிடிக்க வருவோரை அறிந்தும் யேசு தோட்டத்தை விட்டகலாது நின்ற இரவினை எட்வேட் எடுத்துரைத்து, அவ்விடத்தில் தமக்கு அத்துணிவு இருந்திருக்குமோ என்பது தெரியாது என்கிறார். பின்னர்ச் சுவரிலே குருதியால் எழுதப்பட்ட சொற்களும் ஒரு கறுப்பு ரோசாவும் அவர் கண்முன் தோன்றத் தொடங்குகின்றன. தேடிப் பார்த்தவிடத்து, தாமே பலரைக் கொன்ற சாள்ஸ் டெக்ஸ்டர் என்னுங் கொலைஞர் என்பது வெளியாகின்றது. அக்காலத்துச் சட்டம் கொலைஞனின் உடலைக் கொல்வதில்லை. அவனுடைய நினைவையும் இயல்பையும் துடைத்தழித்து, பிறர்க்குத் தொண்டு செய்யும் புதியதொரு மனத்தைப் புகுத்தி விட்டுவிடும். ‘ஆளுமைச் சாவு’ என்பது அத்தண்டனையின் பெயர். கொலையுண்டோரின் உறவினர், பிறர் மனத்துட் புகவல்லான் ஒருவனைக் கூலிக்கமர்த்தி, எட்வேட்டின் அழிந்த நினைவுகளைக் கிளறுவிக்கின்றனர். எதற்காக இறக்கிறோம் என்பதை அறிந்தே அவர் இறக்கவேண்டும் என்பது அவர்தம் விருப்பம். எட்வேட் தப்பியோடவில்லை. அவர்கள் வருமளவும் காத்திருந்து இறக்கிறார்.

இக்கதையின் உயிர்நாடி கொலையன்று. இறக்குமுன் எட்வேட் தம் தலைவராகிய தியோவிடம் வெளியிடும் ஐயமே. இறைவன் மன்னிப்பான் எனத் தியோ ஆற்றுகிறார். தாம் செய்தவை இன்னவென்றே அறியாதவர் எதனைச் சொல்லி மன்னிப்பு வேண்டுவது என்பது எட்வேட்டின் மறுமொழி. சட்டத்தின் குறை முழுவதும் இவ்வொரு மறுமொழியிற் புலனாகின்றது. குற்றம் செய்தவனை அழிக்கப் புகுந்த சட்டம், அக்குற்றத்துக்காக வருந்தவல்ல ஒரே ஒருவனையும் உடனழித்துவிட்டது. உலகம் எதனையும் மறக்கவில்லை. பிறரெல்லாம் படித்த ஏட்டை, அஃது எவரைப் பற்றியதோ அவர் மட்டுமே படித்திலர். உறவினர் செய்கை கொடிதே. எனினும் அவர்கள் தேடியது தன் குற்றத்தை அறிந்து நிற்கும் ஒரு குற்றவாளியை. எட்வேட் வேண்டி நின்றதும் அவ்வறிவையே. கொல்வோரும் கொல்லப்படுவோனும் ஒன்றையே வேண்டினர் எனக் கதையை அமைத்தமை ஆசிரியரின் ஆற்றலுக்குச் சான்று.

இதனோடொத்த வினாவை வேறொரு தொடரும் எடுத்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையைச் சேர்ந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில், 1993ஆம் ஆண்டு, ஜட்சியா டாக்ஸ் என்னும் பெண்மீது கொலைப்பழி சுமத்தப்படுகின்றது. அவளுள் உறையும் நெடுவாழ்வுடைய ஓருயிர் முன்பு கேர்சன் என்பவனின் உடலில் உறைந்தது, பழி அக்காலத்துக்குரியது. உடல் மாறியபின் பழியும் மாறிவருமா என்பது மன்றத்தின் முன் நிற்கும் வழக்கு. வினா மிகச் சிறந்தது, விடையோ சொல்லப்படவேயில்லை. கேர்சன் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்பதைச் சாட்சியொன்று காட்டிவிட, நடுவர் தீர்ப்பளிக்க வேண்டிய தேவை நீங்கிவிடுகின்றது. குற்றமில்லாதவனை விடுவிப்பதில் எந்த அறச்சிக்கலும் இல்லை. பாபிலோன் கதை இவ்வாறு நழுவவில்லை. எட்வேட் கொலைசெய்தவரே, அதனை மறுக்க ஒரு சாட்சியும் வரப்போவதில்லை.

சைவ சித்தாந்தம் பயின்ற ஒருவர்க்கு எட்வேட்டின் நிலை புதிராகத் தோன்றாது. முற்பிறப்பின் நினைவு எவர்க்கும் இல்லை. முற்பிறப்பின் வினையோ எவரையும் விட்டிலது. செய்தது தெரியாது பயனை நுகர்தல் ஓர் எட்வேட்டுக்கு மட்டும் உரியதன்று, உயிர்கட்கெல்லாம் பொது. ஆயின் இக்கொள்கையைப் பிறர்மீது ஏவும் கருவியாக்கிக்கொள்வார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வினை அறிவற்றது, அது தன்னைச் செய்தவனைத் தானே தேடிச்சென்று பற்றமாட்டாது, அதனை உயிரோடு கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. அக்கூட்டுவிப்புங்கூட உயிரின் மலத்தைப் பரிபாகப்படுத்தற் பொருட்டே நிகழ்வது. அங்ஙனமாக, “அவன் செய்த வினை அவனைச் சுடுகிறது” என்று கூறித் தானும் ஒரு கொள்ளியை எடுத்துச் செல்லும் அயலானுக்கு அவ்வதிகாரத்தை எந்த நூலும் வழங்கவில்லை.

கந்தபுராணத்திற் சூரன் முடிவு இவ்விடத்தில் நோக்கற்பாலது. அவன் செய்த கொடுமைகள் சிறியன அல்ல. தேவரைக் குற்றேவல் கொண்டான், இந்திரன் மகன் சயந்தனைச் சிறையிட்டான். போர்க்களத்திலே பெருமானின் பேருருவைக் கண்டபோது சிறிதுநேரம் அவன் உள்ளம் தெளிகின்றது. அவ்வுரு மறைந்தவுடன் செருக்கு மீளுகின்றது. கடலிடை மாமரமாய் நின்றவனை வேல் பிளக்க, அவன் சேவலும் மயிலுமாகின்றான். அருணோக்கம் பெற்றுக் கொடியும் ஊர்தியும் ஆகின்றான். இதனை மறக்கருணை என்பர். எட்வேட்டுக்கு வழங்கப்பட்ட தண்டனையையும் இதனையும் ஒப்புநோக்கின் வேறுபாடு தெளிவாகும். இரண்டிலும் பழைய ஆள் மறைந்து புதிய ஆள் தோன்றுகிறான். ஆனால் எட்வேட்டின் பழமை மறைக்கப்படுகின்றது. சூரன் பழமை ஒருபொழுதும் மறைக்கப்படவில்லை. ஐப்பசித் திங்களிற் கந்தசட்டியின் ஆறாம் நாள், யாழ்ப்பாணத்து முருகன் கோயில் வீதிகளிற் சூரன் உருவம் தலை மாற்றி மாற்றி வந்து ஆர்ப்பரிக்கின்றது. சிறுவர் அஞ்சுவர், பெரியோர் அரோகரா என்பர். அம்மக்களே மயில்மீதமர்ந்த பெருமானைக் கைகூப்புங்கால், மயிலை நோக்கி, “இது முன்பு சூரனன்றோ” என முகஞ்சுழிப்பதில்லை. அறியாமையால் அன்று, ஆண்டுதோறும் அறிந்துகொண்டே அவ்வாறு செய்கின்றனர்.

கச்சியப்பர் அத்துடன் நூலை முடித்தாரல்லர். சூரன் அழிந்து தேவர் மீண்ட பின்னரே தக்ககாண்டம் வருகின்றது. விடுதலை பெற்ற சயந்தன், தேவர்க்கு இத்துணைத் துன்பம் வந்தது எதனால் என வியாழபகவானை வினவ, அவர் தக்கன் வேள்வியை எடுத்துரைக்கிறார். சிவனை இகழ்ந்து செய்த வேள்வியில் அவியுண்ணச் சென்றிருந்தோர் அத்தேவரே. வென்றார் பக்கத்தின் பழம்பிழையை வெற்றிக்குப் பின் எடுத்துவைக்கும் இவ்வமைப்பினைக் கதைச்சுவை ஒன்றே கருதுவார் குறையென்பர். போர் முடிந்ததும் நூலும் முடிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தீர்ப்புக் கூறும் தகுதி தமக்குண்டென மகிழ்ந்திருக்கும் தேவரையும் கேட்போரையும் அவ்வாசனத்திலிருந்து இறக்கிவிடுவது அக்காண்டமே என்பதை அவர் கருதிலர். கந்தபுராண கலாசாரம் என்னுந் தொடரை யாழ்ப்பாணத்தில் நிலைபெறச் செய்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை தக்ககாண்டத்துக்கு உரை வரைந்தமை தற்செயலாயிருத்தல் அரிது. தக்கனும் மன்னிக்கப்படுகிறான், ஆனால் ஆட்டுத்தலையோடு. சூரனுக்குத் தோகை, தக்கனுக்கு ஆட்டுத்தலை! எதிர்த்து நின்று போர் செய்தவனிலும், உறவினனாய் இருந்து அவமதித்தவனுக்கே வடு நெடிது நின்றது.

புராணத்தில் இறைவன் அருளியபின் வேறு தீர்ப்பு இல்லை. மானிட உலகில் அங்ஙனமன்று என்பதைப் புதுமைப்பித்தன் காட்டினார். 1943இல் அவர் எழுதிய ‘சாபவிமோசனம்’ அகலிகை கல்லுருவாய் இருக்கும் நிலையிலே தொடங்கி, அவ்வுருவம் நீங்கிய பின் நிகழ்வனவற்றையே பெரிதும் கூறுகின்றது. கௌதமர் ஏற்றுக்கொண்டார்; இராமனும் தூயவள் என்றான். அவ்வளவில் விமோசனம் முற்றுப்பெற்றதா? முனிவர் மனைவியர் அவள் பெயர் கேட்டு விலகுகின்றனர். அதனினும் கொடியது அவள் உள்ளத்தில் நிகழ்வது. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்கு வேறு பொருள் கொள்ளப்படுமோ என்றெண்ணி, இயல்பாகப் பேசவும் அஞ்சுகிறாள். பிறர் தீர்ப்பு அவளுள் நுழைந்து, அவளே தன்னை ஓயாது விசாரிக்கும் நடுவராகிவிட்டாள். பின்னர், சீதை தீக்குளித்த செய்தி கேட்டு மீண்டும் கல்லாகிறாள். பாபிலோன் கதையில் இல்லாத பகுதி இதுவே. எட்வேட் தம் பழமையை அறிந்த சிலநாளில் இறந்துவிடுகிறார். அறியப்பட்ட பழமையோடு ஊரினிடையே நெடுங்காலம் வாழும் துன்பம் அவர்க்கு நேரவில்லை. அவ்வகையிற் சிறுகதையாசிரியரின் நோக்கு தொடராசிரியரின் நோக்கினும் ஆழ்ந்தது.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பனவல்ல. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றபின், வடபுலத்தே பல்லாயிரவர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுப் பின்னர் ஊர் திரும்பினர். புனர்வாழ்வு என்னுஞ் சொல் மறுபடியும் பிறத்தலைக் குறிப்பது. அவர்தம் பழமையைப் பிழையென்பார் ஒருசாரார், தியாகமென்பார் ஒருசாரார். அவ்வழக்கினை ஓர் இலக்கியக் கட்டுரை தீர்க்கவியலாது. இரு சாராரும் ஒருங்கே செய்தது ஒன்றுண்டு: வேலை கேட்டு வந்தாலும், பெண் கேட்டு வந்தாலும், வந்தவரின் இன்றைய முகத்தைப் பாராது பழைய கோவையைப் புரட்டினர். கோயிலில் மயிலைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியோரும் அவருள் இருந்தனர். ஆசிரியர்க்கு இதனினும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதினைந்து வயதிற் செய்த குறும்பு, விடுகைப் பத்திரத்தில் நடத்தை பற்றிய ஒற்றை வரியாகிப் பத்தாண்டு கழிந்தும் ஒருவனோடு வழிநடத்தல் கூடும். அவ்வரியை எழுதியவர் அதனை அன்று மாலையே மறந்திருப்பார்.

தொடரின் முடிவு ஒரு குறையும் ஒரு நிறைவும் உடையது. எட்வேட்டைக் கொன்ற மல்கம் என்பவனுக்கும் ஆளுமைச் சாவே தண்டனையாகின்றது. அவனும் துறவியாகித் தியோவின் குழுவிற் சேருகின்றான். கொலையுண்டோரின் உறவினர் ஏனையோர்க்கு யாது ஆறுதல் என்பது பேசப்படவேயில்லை; அவர்தம் துயரைக் கதை தன் திருப்பத்துக்குப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டது. நிறைவு யாதெனின், நிலையத் தலைவனாகிய ஷெரிடனின் முன் அப்புதிய துறவி கைநீட்டும் காட்சி. ஷெரிடன் அவனை அடையாளங்கண்டு பின்வாங்குகிறான். எட்வேட்டுக்காக இரங்கியவன் அவன்; எட்வேட்டைத் தண்டித்ததே தவறு என்று கருதியவனும் அவனே. தன் நண்பரைக் கொன்ற கை முன்னே நீண்டவிடத்து அவ்விரக்கம் உதவிக்கு வரவில்லை. மல்கமோ ஏதும் அறியான். அவன் முகத்தில் முறுவல் மாறவில்லை. தியோ அருகில் நிற்கிறார். சற்றுநேரங் கழித்தே ஷெரிடன் அக்கையைப் பற்றுகிறான். அவன் முகமோ இன்னும் இசையவில்லை.