கெம்பும் கண்ணாடியும்

இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றி மணிகளை, முக்கியமாகப் பெரில் கல்லை, போலி செய்கிறார்கள் என்று கி.பி. 79இல் இறந்த ரோமானியன் பிளினி எழுதிவைத்திருக்கிறான். எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பெரில் கிடைத்த படியூர் காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்மணிப் பட்டறைகளின் தடயம் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நொய்யல் கரைக் கொடுமணலில் அகப்பட்டது. கொங்குப் பெருமை பேசுகிறவர்கள் கொடுமணலைச் சொல்வார்கள், பிளினியின் போலியை விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை. கல்லை அறிந்தவனுக்கே அதைப் போலி செய்ய வரும்.

பழைய அட்டிகைகளில் இருக்கிற கெம்பை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. கல்லின் பேராக நாம் வழங்குவது உண்மையில் ஒரு நிறத்தின் பேர். கண்ணாடிக் கெம்புக்கு அடியில் பத்தர் பளபளப்பான மெல்லிய தகட்டை வைக்கிறார், பின்புறத்தை மூடுகிறார், பொன் விளிம்பை அமுக்கிக் கல்லைப் பிடிக்க வைக்கிறார். உள்ளே போன வெளிச்சம் தகட்டில் பட்டுச் சிவந்து திரும்புகிறது. பழைய வேலையில் அசல் மாணிக்கத்துக்கும் இதே உபாயந்தான். இது போதாதென்று 1902இல் வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். ரசாயனப்படி அது மாணிக்கமேதான். மண்ணுக்குள் பிறக்கவில்லை, அவ்வளவே. இதை எந்தப் பக்கம் வைப்பது?

நகை மதிப்பிடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. உரைகல்லில் தேய்க்கிறார், எடை போடுகிறார், கல்லுக்கும் அரக்குக்குமாக ஒரு கணக்கைக் கழிக்கிறார். நம் விமரிசகர்களில் பலர் இவருடைய சிஷ்யர்கள். ஒரு கவிதையில் படிமம் இரவல் என்று கண்டதும் கழித்துவிட்டு மிச்சத்துக்கு விலை சொல்கிறார்கள். இரவல் படிமத்துக்கு அடியில் எழுதினவன் என்ன தகடு வைத்தான் என்று எவரும் பெயர்த்துப் பார்ப்பதில்லை. (தகடே இல்லாத கவிதைகள்தான் அதிகம் என்பது வேறு விஷயம்.)

1963இல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தபோது எத்தனையோ பட்டறைகளில் உமியோடு அணைந்தது. 14 காரட் வரம்பு 1966இலேயே போயிற்று, தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் போயிற்று. இன்று கோவைக் கடைகளில் புதுப் பொன்னை மங்கவைத்து 'ஆண்டிக்' என்று விற்கிறார்கள். அதை வாங்குவதற்காகப் பாட்டியின் அட்டிகையை அழிக்கக் கொடுக்கிறார்கள். உருக்குமுன் பெயர்த்த கெம்புகளைப் பொட்டலம் கட்டி நீட்டினால், கண்ணாடிதானே என்று மேசையிலேயே விட்டுப் போகிறார்கள்.