பத்துக்கு எட்டு

லீலா ராவைப் பற்றி நான் வாசித்த குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன: 1934இல் விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் வென்ற முதல் இந்தியப் பெண். தகவல் சரிதான். ஆனா அந்த ‘முதல்’ங்கிற சொல் வந்ததும் எழுதுகிறவர் பேனாவை மூடிவிடுகிறார்.

எனக்குப் பிடித்தது அந்த ஆட்டத்தின் கணக்கு. எதிரில் பிரிட்டனின் கிளாடிஸ் சவுத்வெல். 4-6, 10-8, 6-2. அப்போது டை-பிரேக் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்கணும். முதல் செட்டை இழந்த 22 வயதுப் பெண் அடுத்த செட்டில் பதினெட்டு கேம் நின்று ஆடியிருக்கிறார். மூன்றாவது செட்டைப் பார்த்தாலே யார் முதலில் களைத்தார் என்று ஊகிக்கலாம். அடுத்த சுற்றில் பிரான்சின் இடா அடமோஃபிடம் தோற்றார். இந்தியாவிலோ 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அகில இந்தியப் பட்டம் பல முறை அவருக்குத்தான்.

அம்மா க்ஷமா ராவும் டென்னிஸ் ஆடியவர், சமஸ்கிருதக் கவிஞர். காந்தியின் போராட்டத்தை அவர் பாடிய ‘சத்தியாக்கிரக கீதை’ 1932இல் பாரிஸில் வெளிவந்தது. அம்மாவின் கதைகளைப் பிற்பாடு மகள் சமஸ்கிருத நாடகங்களாக்கினார். நடனம் பற்றியும் எழுதினார். ஆனால் ஆட்டக்காரி லீலா விளையாட்டுப் பக்கத்தில், எழுத்தாளர் லீலா இலக்கிய வரலாற்றில். ரெண்டு பேரும் சந்திப்பதே இல்லை. அம்மாவிடமிருந்து ராக்கெட்டையும் மொழியையும் சேர்த்தே வாங்கியவரை இப்படிப் பிரித்து வைப்பது சோம்பேறித்தனம்.

இன்னொன்றையும் சொல்லணும். பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது ‘நம்ம பொண்ணு’ என்று பெருமைப்பட வாய் வரவில்லை. அதே 1934இல் கிள்ளான் பக்கத் தோட்டங்களில் நம் பாட்டிமார்கள் விடியுமுன் பால்மரம் சீவப் போனார்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. லீலாவுக்கு பம்பாயில் படித்த குடும்பம், ஆடச் சொல்லித்தர அம்மா, லண்டனுக்குக் கப்பல். அந்த வசதியைச் சொல்லாமல் சாதனையை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும். சொன்னாலும் 10-8 சிறுத்துப் போகாது. அந்தப் பதினெட்டு கேமையும் அவர்தானே ஓடினார்.

கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றபோதும் செய்திகளில் அதே ‘முதல்’தான், ஓப்பன் யுகத்தில் என்ற ஒட்டுடன். என்ன, அவர் பிறகு ‘தி மூன்பாலர்’ என்று தன் கதையைத் தானே எழுதிவிட்டார்.